சோப்புப் போட்டுக் கழுவிய கன்றுக்குட்டி

அந்தத் தோலை நான் மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

முதல் முறை வாய்க்காலின் மேல்படியில் உட்கார்ந்து. இரண்டாம் முறை, தண்ணீர் சற்றுத் தெளிவாக ஓடும் கீழ்ப்படிக்கு இறங்கி. மூன்றாம் முறை எதற்கென்றால், இரண்டு முறை போதுமா என்று சந்தேகம் வந்துவிட்டது.

ஆடி மாசம். காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. கரையில் நின்ற வாழைகளின் இலையெல்லாம் நார்நாராகக் கிழிந்து படபடத்தன. என் கையில் மிஷன் ஆசுபத்திரியில் கொடுத்த சிவப்புச் சோப்பு. அதன் வாசனை மூக்குக்குள் ஏறினால் சாயங்காலம் வரை இறங்காது.

தோல் சின்னது. மூன்று மாசங்கூட நிறையாத கன்று. நெற்றியில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வெள்ளை. அந்த இடத்தைத் தேய்க்கும்போது மட்டும் கை தானாக மெதுவாகிவிட்டது.

நல்ல காரியம் செய்கிறோம் என்ற எண்ணத்தில்தான் தேய்த்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ தப்புச் செய்திருக்கிறேன். ஆனால் அத்தனை கவனமாக, அத்தனை சுத்தமாக ஒரு தப்பைச் செய்ததில்லை.

ஒரே பசுவின் பால்

போன வாரம் இந்தப் பத்திரிகையில் சொன்ன வாய்க்கால் உடைந்த கதையில் மயிலை என்ற பசுவின் பெயரை ஒரு வரியில் எழுதிவிட்டுப் போனேன். மயிலை யார் என்று சொல்லாமல் விட்டது நாலு நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. சொல்லிவிடுகிறேன்.

புது மகாராஜா பட்டத்துக்கு வந்த சமயத்தை ஒட்டி இருக்கும். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். கோட்டாற்றிலிருந்து நடந்தே வந்துவிடக்கூடிய தூரத்தில் கொஞ்சம் வாழை, கொஞ்சம் மரச்சீனிக் கிழங்கு, ஓட்டு வீடு, பின்னால் ஒரு தொழுவம். என் மனைவி ஞானம் மூத்த பிள்ளையைப் பெற்றாள். பெண் பிள்ளை. பிள்ளைக்கு ஐம்பது நாள் ஆனபோது ஞானத்துக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு வாரம் விடவில்லை. வண்டி கட்டி மிஷன் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே அவளைப் படுக்கையில் சேர்த்துக்கொண்டார்கள். துணைக்கு அவள் அம்மா இருந்துவிட்டாள். பிள்ளை இங்கே இருக்கக் கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோ என்றார் நர்சம்மாள். பசும்பால் கொடுக்கச் சொன்னார். ஒரே பசுவின் பாலாக இருக்க வேண்டும். காய்ச்ச வேண்டும். வெந்நீர் கலக்க வேண்டும். பாலுக்குப் பக்கத்தில் வரும் எதையும் இந்தச் சோப்பால் கழுவ வேண்டும் என்று சொல்லி, ஒரு கட்டியை என் கையில் வைத்தார்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். படித்தவர்கள் ஒன்று சொன்னால் அதில் எதை இறுக்கிப் பிடிக்க வேண்டும், எதைக் கொஞ்சம் தளர்த்தலாம் என்று எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

என் தாயார் முன்பே காலமாகிவிட்டாள். அடுத்த வீட்டு ராசம்மாள்தான் பகலில் வந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள். முறைக்கு எனக்கு மைனி, அண்ணி. மூன்று பெற்று வளர்த்தவள். நான் பால் புகட்டும் சங்கைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெந்நீரில் போட்டு, மறுபடி சோப்பை எடுப்பதைப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்குப் பாலு குடுக்கியா, இல்ல சங்குக்கு ஞானஸ்நானம் குடுக்கியா?" என்று கேட்டாள்.

சிணுங்கி

நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்கு அப்பாவின் காலில் மண்வெட்டி பட்டதுதான் காரணம். வாழையைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. ஆனால் அதற்கு முன்பே எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சரிவரவில்லை.

போகிற வழி நெடுக வாய்க்கால் வரம்பில் தொட்டாச்சிணுங்கி. மற்றப் பையன்கள் காலால் தட்டிக்கொண்டே ஓடுவார்கள். இலையெல்லாம் வரிசையாக மூடும். நான் ஒன்றைத் தொட்டுவிட்டால் அது திரும்ப விரியும் வரை நகர மாட்டேன். விரியாமலே போய்விட்டால்? அதனால் தினமும் பிந்திப் போவேன்.

ஒருநாள் காரணத்தைச் சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. வாத்தியார் அடிக்கவில்லை. அதற்கு மனசு கிடையாது, தொட்டால் மூடும், அவ்வளவுதான் என்றார். மனசு இல்லாவிட்டால் தொட்டது எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். அதற்கு அடித்தார். பையன்கள் எனக்குச் சிணுங்கி என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் கோட்டாற்றுச் சந்தையில் ஒருவர் அப்படித்தான் கூப்பிடுகிறார். பெயர் போட மாட்டேன், அவர் இந்தப் பத்திரிகையை வாங்குகிறவர்.

இன்னொன்றும் இந்த இடத்தில் ஞாபகம் வருகிறது. கருவாடு வாங்க அப்பாவோடு குளச்சலுக்குப் போயிருந்தேன். விடிந்துகொண்டிருந்த நேரம். மணலுக்குள்ளிருந்து ஆமைக்குஞ்சுகள் வெளிவந்து தண்ணீரைப் பார்த்து ஊர்ந்தன. ஒவ்வொன்றும் என் உள்ளங்கையில் பாதி. தாயும் பக்கத்தில் இல்லை. ஒன்றைப் பிடித்துத் தென்னந்தோப்பைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். அது ஒரு வட்டமடித்து மறுபடி கடலைப் பார்த்து நடந்தது. மூன்று தடவை திருப்பினேன். மூன்று தடவையும் அப்படியே.

கூடையோடு நின்ற ஒரு மீன்காரி சொன்னாள்: "அதுக்க வழி அதுக்குத் தெரியும் மக்கா. நீ ஒனக்க வழியப் பாரு."

வீடு வரும்வரை எனக்குக் கவலை. நான் திருப்பியதால் அது பிந்திப்போயிருக்குமோ, அதற்குள் காக்கை எடுத்திருக்குமோ என்று.

கன்னத்தில் ஒரு விரல்

கைப்பிள்ளையோடு தனியாக இருந்த அந்த நாட்களில்தான் இதெல்லாம் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

பிள்ளையின் உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். படாரென்று கதவு சாத்தினால் இரண்டு கையையும் விரித்து எதையோ கட்டிப் பிடிக்கப் போகும். கன்னத்தில் விரலால் லேசாகத் தொட்டால் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி வாயைத் திறக்கும். வலக்கன்னத்தைத் தொட்டால் வலப்பக்கம், இடக்கன்னத்தைத் தொட்டால் இடப்பக்கம்.

எனக்கு அது பசி என்று பட்டது. தொட்டுப் பார்ப்பேன், திரும்பும், ஐயோ பசிக்கிறதே என்று சங்கை எடுப்பேன். ராசம்மாள் மைனி என் கையைத் தட்டிவிட்டாள். "நீ தொட்டா திரும்பத்தான் செய்யும். வயறு நெறஞ்சு கெடந்தாலும் திரும்பும். இதப் போயி பெருசாட்டு பாத்துக்கிட்டு இருக்கியே" என்றாள்.

பசி இல்லை என்று தெரிந்த பிறகும் நான் தொடுவதை நிறுத்தவில்லை. காலையில் எழுந்ததும் ஒரு தடவை தொடுவேன். திரும்பினால் அன்றைய நாள் சரி.

மயிலை பாலை அடக்கியது

எங்கள் நாட்டுப் பசுக்களைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். கன்று வந்து முட்டினால்தான் மடி சுரக்கும். கன்றை முதலில் விட்டு, சுரப்பு வந்ததும் இழுத்துக் கட்டிவிட்டுத்தான் கறக்க முடியும். கன்று இல்லாவிட்டால் மடி நிறையப் பால் இருந்தும் ஒரு பீச்சு வராது. மாடு பாலை மேலே ஏற்றிக்கொண்டது என்பார்கள்.

கன்றுக்கென்று ஒரு காம்பை விட்டுவிடுவது வழக்கம். ஞானம் ஆசுபத்திரிக்குப் போன பிறகு, பிள்ளைக்குப் போதாமல் போய்விடுமோ என்று அந்தக் காம்பிலும் கொஞ்சம் கறந்தேன். பத்தாம் நாள் கன்றுக்கு வயிறு உப்பியது. மத்தியானத்துக்குள் செத்துப்போனது.

மாட்டு வைத்தியமும் தோல் வேலையும் தெரிந்த வேலாண்டி அண்ணாச்சியைக் கூட்டி வந்தேன். வயிற்றில் பூச்சி, பாலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றார். அவர் சொன்னது நிஜமாக இருக்கலாம். எனக்கு இன்றுவரை முழுசாக நம்பிக்கை வரவில்லை.

மயிலை கன்றின் பக்கத்தில் வெகுநேரம் நின்று முகர்ந்தது. பிறகு கத்த ஆரம்பித்தது. சாயங்காலம் காம்பைத் தொட்டதும் உதைத்தது.

தோலை உரித்து வைக்கோல் அடைத்து முன்னால் நிறுத்தினால் கறக்கும் என்றார் அண்ணாச்சி. எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். அன்றே உரித்து, உப்பும் சாம்பலும் தடவி, நிழலில் விரித்துப் போட்டுவிட்டு, மறுநாள் வந்து அடைத்துத் தைப்பதாகச் சொல்லிப் போனார். போகும்போது கொஞ்சம் நாற்றம் இருக்கும், கண்டுகொள்ளாதே என்று மட்டும் சொன்னார்.

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது எனக்கு.

நாற்றம் என்றால் நோய். நோய் என்றால் மாட்டுக்கு, மாட்டிலிருந்து பாலுக்கு, பாலிலிருந்து பிள்ளைக்கு. மறுநாள் காலையில் தொழுவத்தைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தேன். கன்று படுத்த வைக்கோலைத் தீவைத்தேன். அதன் கழுத்துக் கயிற்றையும் தீயில் போட்டேன். பிறகு தோலைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்குப் போனேன்.

மத்தியானம் அண்ணாச்சி வந்தபோது தோல் வெளுத்து, மெத்தென்று கிடந்தது. அவருக்கு அன்று ஜலதோஷம். மூக்கில் துணியை வைத்துக்கொண்டே அடைத்துத் தைத்தார். நாலு மூங்கில் குச்சி கால். நெற்றியில் அந்த வெள்ளை. தூரத்திலிருந்து பார்த்தால் எனக்கே ஒரு கணம் கன்று நிற்கிறது என்றுதான் பட்டது.

மயிலை ஆசையாகத்தான் வந்தது. மூக்கை நீட்டியது. புர்ரென்று ஊதிப் பின்னால் நகர்ந்தது. கயிறு இறுகும்வரை போய்ச் சுவரை ஒட்டி நின்றுகொண்டது. பொம்மையைக் கிட்டே தள்ளினால் கொம்பை ஆட்டியது. ராத்திரியில் பழகிக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி போனார்.

பழகவில்லை.

திரும்பாத முகம்

முதல் நாள் கஞ்சித்தண்ணீரில் ஓட்டினோம். இரண்டாம் நாள் வேறு வழியில்லாமல் வேறொரு வீட்டுப் பால். ஒரே பசு என்று நர்சம்மாள் சொன்னது காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. கொடுத்த ஒரு நாழிகையில் பிள்ளை கக்கியது. பிறகு வயிற்றோட்டம். கொடியில் துணிகள் தொங்கிக்கொண்டே இருந்தன, ஒன்று காயுமுன் அடுத்தது.

மூன்றாம் நாள் காலையில் வழக்கம்போல் வலக்கன்னத்தைத் தொட்டேன்.

திரும்பவில்லை.

இடக்கன்னத்தைத் தொட்டேன். கண் பாதி திறந்து எங்கேயோ பார்த்தது. வாய் அசையவில்லை. உள்ளங்கையில் விரலை வைத்தேன். விரல்கள் மூடின, ஆனால் பிடி இல்லை. தொட்டாச்சிணுங்கி இலை வெயிலில் வாடிய பிறகு தொட்டால் மூடுகிற மாதிரி.

ராசம்மாள் மைனியிடம் ஓடினேன். அவள் வந்து தொட்டுப் பார்த்தாள். கேலி ஏதும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பயமாக இருந்தது. "வேலாண்டிய கூட்டிட்டு வா. சீக்கிரம் போ" என்றாள்.

அண்ணாச்சிக்கு ஜலதோஷம் விட்டிருந்தது. தொழுவத்துக்குள் நுழைந்ததும் நின்றார். பொம்மைக் கன்றின் கழுத்தருகே குனிந்து முகர்ந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னலே இது, ஆசுபத்திரி மணக்குது?"

சொன்னேன். மூன்று தடவை என்பதையும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் இருவது வருசமா இந்த வேல செய்யுகேன். தோலக் கழுவப்பிடாதுன்னு ஒருத்தங்கிட்டயும் சொன்னது கெடையாது. கழுவுவான்னு எவன் நெனப்பான்?" என்றார்.

மாடு கண்ணால் கன்றை அறிவதில்லை, மூக்கால் அறிகிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. கன்று படுத்த வைக்கோலில் ஒரு பிடி இருந்தாலும் போதும் என்றார். எரித்துவிட்டேன் என்றேன். கயிறு? எரித்துவிட்டேன். தரையைச் சுரண்டினாயா? சுரண்டினேன்.

"ஒண்ணுகூட மிச்சம் வைக்கலியாலே?"

வீட்டுக்குள்ளிருந்து பிள்ளையின் அழுகை கேட்டிருந்தால் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். அதுவும் கேட்கவில்லை.

அப்போது வாசலில் நின்ற ராசம்மாள் மைனி முந்தானையைத் திருகிக்கொண்டு, "ஒரு சாக்கு எங்கிட்ட கெடக்கு" என்றாள்.

இரண்டு பேரும் அவளைப் பார்த்தோம்.

"கன்னுக்குக் குளிருக்குப் போத்துவியே, அந்தச் சாக்கு. நீ தீ வச்சிக்கிட்டு நிக்கும்போ நான் எடுத்துட்டுப் போனேன். நல்ல சாக்கு. ஒரு கிழிசல் கெடையாது." பிறகு எனக்கு மட்டும் சொல்வதுபோல, "தொவைக்கணும்னுதான் நெனச்சேன். நேரம் கெடைக்கல" என்றாள்.

அவள் வீட்டுப் பரணில் சுருட்டியபடி இருந்தது. என்னைக் கேட்காமல் எடுத்துப்போன ஒரு பொருளுக்காக நான் யாரையும் அப்படிக் கும்பிட்டதில்லை.

நாக்கு

அண்ணாச்சி பொம்மையை வெளியே கொண்டுபோய் அதன் மேல் மாட்டு மூத்திரம் தெளித்து, சாம்பல் தேய்த்து, சோப்பு வாசனையை முடிந்தமட்டும் அமுக்கினார். சாக்கை அதன் முதுகில் போட்டு வயிற்றுக்கடியில் கட்டினார். உப்புத்தண்ணீரைக் கொஞ்சம் தெளித்தார். பின்பு மயிலைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டு விலகினார்.

மயிலை முதலில் ஊதியது. ஓர் அடி பின்னே போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பிறகு ஒரு சத்தம். கத்தல் இல்லை. வாயைத் திறக்காமல், தொண்டைக்குள்ளேயே, ம்ம் என்று. கன்று பிறந்த அன்றைக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன்.

கண்ணைத் திறந்தபோது மயிலை சாக்கை நக்கிக்கொண்டிருந்தது. கரகரவென்று, சொரசொரத்த நாக்கால், ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப. அண்ணாச்சி என் தோளைத் தொட்டு, பைய உட்காரு என்று சைகை காட்டினார். மடியைத் தடவினேன். காம்புகள் விறைத்து நின்றன. முதல் பீச்சு செம்பின் அடியில் விழுந்த ஓசை இப்போதும் காதில் இருக்கிறது.

கறந்து முடித்த பிறகும் அது நக்கிக்கொண்டே இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு வாயில்லாப் பிராணியை இப்படி ஏமாற்றுகிறோமே, பாவம் இல்லையா என்று கேட்டேன்.

வேலாண்டி அண்ணாச்சி துண்டைத் தலையில் கட்டிக்கொண்டே சொன்னார்: "கன்னு செத்தன்னைக்கு இது கிட்ட நின்னு பாத்துது. செத்தது இதுக்குத் தெரியும். நாக்குக்குத் தெரியாது, கேட்டியா."

பாலைக் காய்ச்சி, வெந்நீர் கலந்து, சங்கால் சொட்டுச் சொட்டாக விட்டோம். முதலில் கடைவாயில் வழிந்தது. ராசம்மாள் மைனி தொண்டையைத் தடவிக்கொடுத்தாள். ஒரு மிடறு இறங்கியது. வெகுநேரம் கழித்து இன்னொன்று. மறுநாள் சாயங்காலம் வலக்கன்னத்தைத் தொட்டேன். மெள்ள, சோம்பலாக, முகம் திரும்பியது. அன்று ராத்திரி நான் தூங்கினேன்.

துவைக்காத சீலை

ஞானம் வர ஒரு மாசம் ஆகிவிட்டது. அதற்குள் ஊரில் எனக்குச் சிணுங்கி என்ற பெயர் போய் சோப்பு என்ற பெயர் வந்திருந்தது.

வண்டியிலிருந்து இறங்கியவளை எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. தலைமுடியைக் கத்தரித்துவிட்டார்கள். கன்னம் ஒட்டியிருந்தது. கடைசி ஒரு மைல் முழுவதும் பிள்ளையைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டு வந்தாள் என்று அவள் அம்மா சொன்னாள். உள்ளே வந்ததும் கையை நீட்டினாள். மைனி பிள்ளையைக் கொடுத்தாள்.

பிள்ளை உடம்பை விறைத்துக்கொண்டு வீறிட்டது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, மைனியைப் பார்த்துத் தாவியது. ஞானம் ஆட்டினாள், பாடினாள். அழுகை கூடியது. கொஞ்ச நேரம் கழித்துப் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

"என்னைய மறந்துபோச்சு" என்றாள். அழவில்லை. காய்ச்சல் அழுவதற்கும் தெம்பு வைக்கவில்லை.

அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அப்போதுதான் மூக்கில் ஏறியது. முடியில், தோளில், கையில், எல்லாம் அந்தச் சிவப்புச் சோப்பு.

நான் எழுந்து பெட்டியைத் திறந்தேன். காய்ச்சல் காண்பதற்கு முன், பிள்ளையை மடியில் போட்டுப் பாலூட்டும்போது அவள் கட்டிக்கொண்டிருந்த பழைய நீலச் சீலை. தொழுவத்தில் அந்தக் காரியம் நடந்த நாளிலிருந்து அதைப் பிள்ளையின் தலைமாட்டில் மடித்து வைத்திருந்தேன். துவைக்க எடுத்துப் போன மைனியிடமிருந்து இரண்டு தடவை பிடுங்கியிருக்கிறேன். அழுக்கை நினைத்து ஒரு கவலை, துவைத்தால் என்ன ஆகுமோ என்று இன்னொரு கவலை. தினமும் வெயிலில் காட்டுவேன், தண்ணீரில் காட்ட மாட்டேன். அவள் வருகிறாள் என்றதும் அன்று காலையில்தான் பெட்டிக்குள் வைத்தேன்.

அதை ஞானத்தின் தோளைச் சுற்றிப் போர்த்தி, மார்போடு சேர்த்து மூடினேன். என்ன செய்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. பிள்ளையை வாங்கி மறுபடி அவள் மடியில் வைத்தேன்.

கொஞ்சம் சிணுங்கியது. மூக்கைச் சுருக்கியது. சீலை அதன் கன்னத்தில் பட்டது.

முகம் அவள் பக்கமாகத் திரும்பியது. வாய் திறந்து, சீலையின் ஓரத்தை ஈரமாக்கிக்கொண்டு, அப்படியே கிடந்தது.

ஞானம் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அசையாமல் இருந்தாள். பிறகு மெதுவாகக் குனிந்து, பிள்ளையின் தலைக்கு மேலாக அந்தச் சீலையை முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்:

"ஒரு மாசமா இத ஒருக்காகூடவா தண்ணியில முக்கல்ல?"